ஒரே பேட்டரி, இரண்டு எண்கள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆவணி மாதம். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் கையோடு எடுத்துப்போகிற ஆக்ஸிஜன் மெஷின் தயாரிக்கும் ஒரகடம் கம்பெனி ஒன்றில், டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். படப்பையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன்.

அன்று அந்தமானிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவள் அப்பாவுக்கு எங்கள் மெஷின்தான். பேட்டரி செத்துப்போய், வீட்டில் பிளக்கில் சொருகினால்தான் ஓடுகிறது. அடுத்த வாரம் அவளுக்குப் பக்கத்துத் தீவில் கல்யாணம். படகில் போக வேண்டும். புது பேட்டரி வராவிட்டால் அப்பாவால் வர முடியாது. "எப்பிடியாச்சும் பிளைட்ல போட்டு விடுங்கக்கா" என்றாள்.

எனக்கு இந்த விதிமுறையெல்லாம் தண்ணி பட்ட பாடு. விமானத்தில் ஏற்றும் ஆபத்தான பொருள்களுக்கு ஐ.நா. கொடுத்த நான்கு இலக்க எண் உண்டு. எங்கள் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது; தனியாகப் போனால் 3480. அதே பேட்டரி மெஷினோடு ஒரே பெட்டியில் போனால் 3481. எப்படிக் கட்டுவது என்பதற்கு வேறு எண்கள்: 965, 966, 967. முதலில் நிற்கும் ஒன்பது, ஆபத்தான பொருள்களில் இது ஒன்பதாம் வகுப்பு என்று சொல்லும். புதிதாகச் சேருகிறவர்களிடம் இதை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

3480 பயணிகள் விமானத்தில் ஏறாது. அந்த வாரம் சரக்கு விமானமும் கிடைக்கவில்லை. கப்பலில்தான் அனுப்ப முடியும்மா என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவள் கெஞ்சினாள், நான் விதியைச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அன்றே கப்பலுக்கும் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். அந்தமான் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் புது மெஷின் கிளம்பியது, பயணிகள் விமானத்தில். பெட்டியில் 3481 லேபிளை ஒட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாக்கா நின்னுகினு கீற? வண்டி வெயிட் பண்ணுது" என்றாள் கூட பேக்கிங் பார்ப்பவள்.

எனக்குப் பின்னால் அலமாரியில், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்த மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. பேட்டரியை அதற்குள் போட்டு, 3481 என்று பயணிகள் விமானத்திலேயே அனுப்பி, கல்யாணம் முடிந்ததும் மெஷினைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கலாம். மேனேஜர் மறுத்திருக்க மாட்டார். நான் கேட்கவே இல்லையே! அத்தனை எண்ணும் மனப்பாடம், என்ன புண்ணியம்?

மதியம் அந்தக் கல்யாணப் பெண்ணுக்குப் போன் போட்டேன். கல்யாணமெல்லாம் முடிந்து, பேட்டரி நேற்றுதான் வந்ததாம். கல்யாணத்தை அப்பா வீட்டிலிருந்து போனில் பார்த்தாராம். நீங்க என்னக்கா பண்ணுவீங்க, விதி அப்படி என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அலமாரி மெஷினைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்:

"அப்பாகிட்ட மட்டும் இதச் சொல்லிடாதீங்கக்கா. வழியே இல்லன்னுதான் மனசத் தேத்திக்கிட்டு இருக்காரு."

இப்போது யார் தனி பேட்டரி கேட்டாலும், முடியாது என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை அந்த அலமாரியைத் திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் மகள் கல்யாணத்தன்று சுவர் பிளக்கோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கு, எனக்கு இப்போது புத்தி வந்து என்ன ஆகப்போகிறது?