முதல் குழந்தை வருவதற்கு முன்

வேங்கிக்காலில் எங்கள் வாடகை வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். இந்த வருடமும் வரி போக ஒன்றும் மிஞ்சாவிட்டால் மூடிவிடுவது என்றிருந்தேன். வேலை நேரத்தைக் குறிக்க நானே ஒரு செயலி எழுதியிருந்தேன். முதல் குழந்தை வந்ததும் ஓடும், கடைசிக் குழந்தை போனதும் நிற்கும். அந்த நேரத்தை வைத்துத்தான் வாடகையில் ஒரு பங்கைத் தொழில் செலவாகக் காட்டினேன்.

கணக்கு பார்க்க ஆடிட்டர் அக்கா விடிந்ததுமே வந்துவிட்டார். நான் பொம்மைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"உக்காருங்கக்கா, இன்னும் வேலை ஆரம்பிக்கல."

"அப்ப இது என்னங்க, விளையாட்டா? இந்த நேரத்தையும் சேத்துக்கோங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருக்குவது, கஞ்சி வைப்பது, பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்களின் பிள்ளைகளுக்காகப் பாய் உதறுவது, எல்லாமே வேலை! செலவுப் பங்கு கூடியது, வரி குறைந்தது, காப்பகம் தப்பித்தது.

உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார். "சும்மாதான இருக்கே, காபி போடேன்."

"வேலையா இருக்கேன் அத்தை!"

அதுவரை நானே அதை நம்பியதில்லை.