தலைக்கவசத்துக்குள் கனடா

கைத்தொலைபேசியைத் தலைக்கவசத்துக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இரண்டு கையும் ஹேண்டிலில்தானே இருக்கிறது, பிறகென்ன? கனடாவில் இருக்கும் அக்கா கோல் எடுத்தால் உடனே கதைக்க வேண்டும். பிறகு எடுக்கிறேன் என்றால், "உனக்கு இப்ப நாங்கள் கண்ணுக்குத் தெரியிறேல்லை" என்று மாதக்கணக்கில் சொல்லிக் காட்டுவாள்.

அன்று மாலை வட்டுக்கோட்டையில் ஒரு குறுகிய ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தேன். தன் குசினியில் அடுப்புக்குப் பின்சுவரில் என்ன நிறத்தில் ஓடு பதிப்பது என்று அக்கா கேட்டாள். யோசித்தேன். முடக்கில் திரும்பும்போது ஹோர்ன் அடித்தேனா இல்லையா, இன்றைக்கும் தெரியாது. எதிரே இன்னொரு மோட்டார் சைக்கிள். இருவரும் விழுந்தோம், தலைக்கவசங்கள் கழன்று உருண்டன.

எழும்பி, கை கால் இருக்கிறதா என்று பார்க்காமல் போனைத் தேடினேன். மண்ணில் கிடந்ததை எடுத்துக் காதில் வைத்தேன்.

"அப்பா, என்ன சத்தம் அது? கதையுங்கோவன் அப்பா."

நான் கலியாணமே கட்டாதவன். எத்தனை வருடம் மயங்கிக் கிடந்தேன் என்று எண்ணிப் பயந்துபோனேன்.

"ஆர் பிள்ளை நீங்கள்?"

"நீங்கள் ஆர்? அப்பாவின்ரை போன் உங்களிட்டை எப்பிடி? அப்பா எங்கை?" அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் மற்ற மோட்டார் சைக்கிளில் வந்தவரைப் பார்த்தேன். வயது போனவர். மதிலோடு சாய்ந்திருந்தார், நெற்றியில் இரத்தம். அவரும் என்னைப் போலவே போனைச் செருகிக்கொண்டு வந்திருக்கிறார்; இப்போது என்னுடைய போன் அவர் காதில். "என்ன ஓடு பிள்ளை? ஆரின்ரை குசினி?" என்று என் அக்காவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய போனை நீட்டினேன். கதைத்து முடிக்கும்வரை பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அவருடைய போனை அவரது மற்றக் காதில் வைத்து அழுத்தினேன். மகளின் குரல் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"அழாதை பிள்ளை. அப்பா சும்மா விழுந்திட்டன்."

அவள் நம்பவில்லை. "பக்கத்திலை நிக்கிற அண்ணையிட்டைக் குடுங்கோ" என்றது எனக்கும் கேட்டது.

"அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ. வீடியோவைப் போட்டு அப்பாவைக் காட்டுங்கோ."

போட்டேன். எந்தப் பக்கக் கமரா என்று பிடிபடவில்லை. என் முகம்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஐயோ அண்ணை, உங்கடை காதாலையெல்லோ ரத்தம் வருது. ரெண்டு பேரும் ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நான் வைக்கிறன்."

ஓட்டோவில் ஒரு போன் அடித்தது. என்னுடையதா, அவருடையதா என்று தெரியாமல் விழித்தோம். ஓட்டோக்காரர் ஒரு கையால் ஓட்டியபடி தன் சட்டைப்பையைத் தடவினார்.

"வேண்டாம் தம்பி" என்றோம், இருவரும் ஒன்றாக.