கிறிஸ்துமஸ் மேஜைக்குப் பூ வைக்கிறவள்

கிறிஸ்துமஸ் விருந்தில் சாப்பாட்டு மேஜையின் நடுவே வைக்கிற அலங்காரத்துக்கு எங்கள் தொழிலில் சென்டர்பீஸ் என்று பேர். வந்தவர்கள் ஒரு தடவை பார்ப்பார்கள், அப்புறம் குழம்புப் பாத்திரத்துக்கு இடம் இல்லை என்று ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அடுத்தவர் பண்டிகைக்கு உழைக்கிற சமையல்காரர்களே, தையல்காரர்களே, போட்டோ எடுக்கிறவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தெலுங்கும் உருதும் பேசுகிற ஊரில், லாலாகுடாவில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். கூட்டாளி ரஹீமா. எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்த பிளாக்கில் வளர்ந்தவள், எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள். இங்கே சொல்வதெல்லாம் போன டிசம்பரில் நடந்தது.

பனி

முதல் ஆர்டர் மாரெட்பள்ளியில் ஒரு பெரிய வீடு. மேஜை நடுவில் பனி பெய்தது போல இருக்க வேண்டும் என்று அந்த அம்மா போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். சவுக்குக் கிளை, காய்ந்த காய்கள், அதன்மேல் பஞ்சைப் பிய்த்துத் தூவினோம். படத்தில் இருந்ததைவிட நன்றாகவே வந்தது.

விருந்தாளிகள் உட்கார்ந்ததும் யாரோ ஃபேனைப் போட்டார்கள். பஞ்சு முழுக்கப் பறந்து திறந்திருந்த பிரியாணிப் பாத்திரத்தில் இறங்கியது. நானும் ரஹீமாவும் சமையலறையில் நின்று ஸ்பூனால் பொறுக்கிப் பார்த்தோம், ஆகவில்லை. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. திரும்பி வரும்போது ஆட்டோவில் ரஹீமா சொன்னாள்: "அக்கா, நம்ம ஊர் பிரியாணிக்குப் பனி நக்கோ, வேண்டாம்."

உயரம்

மேஜை அலங்காரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம், அது ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது என்பது. போனால் எதிரில் இருப்பவர் முகம் மறையும். இது தெரிந்தும் ஒரு பெண் என்னிடம் இரண்டடி உயரத்துக்கு வேண்டும் என்று கேட்டார். வேண்டாம் என்று இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அண்ணன்கள் இரண்டு பேருக்கும் அப்பா இறந்ததிலிருந்து பேச்சு இல்லை. அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், அவருக்காக இருவரும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

செய்து கொடுத்தேன். நீளமான கண்ணாடிச் சாடி, அது நிறைய கிளைகள், சிவப்பு ஜெர்பராப் பூக்கள். மேஜையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் என் தோப்பு. உப்பைக்கூடத் தங்கை வழியாகத்தான் கேட்டு வாங்கினார்களாம். மறுநாள் சாடியை எடுக்கப் போனபோது, அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லையே, வேலை வீணாகிவிட்டதே என்று நான் வருத்தப்பட்டேன். அந்தப் பெண் சாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முகம் தெரிஞ்சிருந்தா ஒருத்தர் எழுந்து போயிருப்பாங்க அக்கா. நேத்து ரெண்டு பேரும் கேக் வரைக்கும் இருந்தாங்க."

ஆரஞ்சு

அமீர்பேட்டில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகாத பெண்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், மெஸ் மேஜையில் ஏதாவது வையுங்கள் என்று வார்டன் சொன்னார். ஆரஞ்சுப் பழங்களில் கிராம்பைக் குத்தி, சுற்றிலும் இலை வைத்து, ஒரு தட்டில் அடுக்கினேன். செலவும் குறைவு, வாசனையும் நன்றாக இருக்கும். காரிடாரில் வார்டனோடு பேசிவிட்டுத் திரும்பி வருவதற்குள் தட்டில் இலை மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் ஒருத்தி கிராம்பைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம். பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தால் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். என் தமிழைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வேலை கிடைத்துவிட்டதாகச் சபையில் எல்லோர் முன்னாலும் எழுந்து கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாட்சியே சொல்லிவிட்டார்களாம் வீட்டில். ஆனால் சேரச் சொல்லும் கடிதம் எட்டு மாதமாக வரவில்லை. அவள் சொன்னாள்: "ஆபீஸ்ல லீவு தரலன்னு சொல்லியிருக்கேன் ஆன்ட்டி. நீங்க யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

ரிப்பன்

மாரெட்பள்ளியில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வருஷா வருஷம் என்னிடம்தான் வாங்குவார். இந்தத் தடவை வெள்ளைச் சாமந்தி, சிவப்பு ரிப்பன் என்று அவரே போனில் சொல்லிவிட்டு, ரிப்பனை மறந்துவிடாதே என்று மறுபடியும் கூப்பிட்டுச் சொன்னார். இருபத்து நாலாம் தேதி காலை பத்து மணிக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. விருந்தாளிகள் முன்னாடியே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

விடியற்காலையில் போய்விட்டாராம். யாருக்கும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. கையில் பூவோடு திரும்பிப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவர் மனைவி என்னைப் பார்த்ததும், பூவை அவர் காலடியில் வைக்கச் சொன்னார். வைப்பதற்கு முன்னால் ரிப்பனை அவிழ்க்க ஆரம்பித்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்தார்: "அதை எடுக்காதீங்கம்மா. வெள்ளை மட்டும் வெச்சா சாவு வீடு மாதிரி இருக்கும்னு அவர்தான் சிவப்பு கேட்டார்."

எங்கள் மேஜை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை டிசம்பர் முழுக்கக் கம்பி, பசை, பூ குத்துகிற ஸ்பாஞ்ச், சருகு என்று நிறைந்திருக்கும். அதனால் கிறிஸ்துமஸ் சாப்பாட்டைக்கூட நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவோம். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் என் வீட்டுக்காரர் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அந்த வருஷம் ஆகஸ்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை இன்னும் சரியாக வரவில்லை. பேச்சும் குழறுகிறது.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்காமல் வழக்கம்போலத் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டேன். பிடிக்க முடியாமல் தட்டு சரிந்து கறிக்குழம்பு மொத்தமும் போர்வையில் கொட்டியது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் போர்வையை உருவிக்கொண்டு போனாள். நான் போய் மேஜைமேல் இருந்ததை எல்லாம் ஒரே தள்ளாகத் தரையில் தள்ளினேன். அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்து, வேறு தட்டில் சோறு போட்டேன். மேஜை முழுக்கக் கம்பி கீறிய கோடுகளும் பசைத் திட்டுகளும். மிச்சம் நாலு ரோஜா இருந்தது, நடுவில் வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார், புரியவில்லை. மூன்றாவது தடவைதான் காதில் விழுந்தது: "பூ வேண்டாம். நீ எதிர்ல உக்காரு."

மேஜையின் நடுவை நிரப்ப மட்டும்தான் எனக்குத் தெரியும். சுற்றியிருக்கிற நாற்காலிகளை ஆட்களால் நிரப்பித் தரச் சொல்லி இதுவரை யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை, கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிற தைரியம் எனக்கு இல்லை.