பூனைக்குப் போட்ட ரூம்

கணபதி என்கிற எங்கள் ஊரில் ஒரு வதந்தி உலவியது. பாவாத்தாள் என்கிற பெண்மணி வெளியூர் விசேஷங்களுக்குப் போகும்போதெல்லாம் தன் இரண்டு பூனைகளுக்கு ஹோட்டலில் ஏசி ரூம் போடுகிறாராம். புருசன் மட்டும் சொந்தக்காரர் வீட்டில் பாய் விரித்துப் படுக்கிறாராம். ரேஷன் கடை வரிசையில் இதைக் கேட்டபோது பூனைகள் கட்டிலில் படுத்திருந்தன. டீக்கடைக்கு வருவதற்குள் டிவி பார்க்க ஆரம்பித்திருந்தன. சலூனில் கேட்டபோது ரூமுக்கே பொரித்த மீன் வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு, ரிசப்ஷனில் ஆதார் கார்டும் காட்டியிருந்தன.

சொன்னவர்கள் எல்லார் முகத்திலும், அந்தப் பூனையாகப் பிறக்காமல் போனோமே என்கிற வருத்தம் அப்பட்டமாகத் தெரிந்தது. கேட்ட எனக்கும் லேசாக இருந்தது. மெய்யா பொய்யா என்று பார்த்துவிட ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

பாவாத்தாளுக்கு நாற்பத்தொன்பது வயது. வீட்டு முன்பக்கம் தகரம் போட்ட இடத்தில் மோட்டார் வைண்டிங் செய்கிறார். எரிந்துபோன மோட்டாரிலிருந்து பழைய கம்பியை உருவி, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கணக்கில் புதுக் கம்பி சுற்ற வேண்டும். நடுவில் வாயைத் திறந்தால் எண்ணிக்கை போச்சு. ஆகவே நாம் கேட்கிற கேள்விக்கும் அவர் சொல்கிற பதிலுக்கும் நடுவே அறுபது சுற்று ஓடிவிடும். ஏசி ரூம் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"சாதா ரூமுதானுங்க" என்றார், சுற்று முடிந்ததும்.

"கட்டில்ல பூனைங்க படுக்குதாமே?"

மறுபடி அறுபது சுற்று. "கட்டிலு எனக்குங்க. அதுங்களுக்கு பாத்ரூமுல கோணிச்சாக்கு."

"டிவி?"

"ஓடாதுங்க."

வதந்தி அத்தோடு படுத்துவிட்டது. ஆனால் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் தனியாக ரூம் போடுகிறார் என்கிற மிச்சம் அப்படியே நின்றது. நம் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. ஒரு ஊரில் சொந்தக்காரர் வீடு இருக்கும்போது லாட்ஜில் தங்கினால், அவர்களைக் கன்னத்தில் அறைந்த மாதிரி. "ஏன், எங்க ஊடு இடிஞ்சா போச்சு?" என்று பத்து வருசம் கேட்பார்கள். அதனால் விசேஷத்துக்குப் போகிறவர்கள் சொந்தக்காரர் வீட்டில்தான் இறங்குவார்கள். ஆண்களுக்கு ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு சீட்டுக்கட்டு. மருமகள்களுக்கு அடுப்பு. பந்திக்குச் சமையல்காரர்கள் வந்தாலும், வீட்டில் இறங்கியிருக்கும் நாற்பது பேருக்கும் காபி, டிபன், சுடுதண்ணீர் எல்லாம் மருமகள்கள் கையில். அதிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும். பாவாத்தாள் இருபத்து நாலு வருசம் எழுந்தார்.

மூன்று வருசத்துக்கு முன்னால் பல்லடத்தில் நாத்தனார் மாசாணியம்மாள் வீட்டில் கல்யாணம். அந்த வாரம்தான் பட்டாணி என்கிற பெண் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகி, வயிற்றில் தையல். மற்றது மொச்சை, கடுவன். பட்டாணி இல்லாமல் சோறு தின்னாது. இரண்டையும் கூட்டி வருவதாகச் சொன்னதும் மாசாணியம்மாள் போனிலேயே பதறினார். அவர் வீட்டை ஒட்டித்தான் கோழிப்பண்ணை.

"குஞ்சு எறங்கி நாலு நாளுதான் ஆச்சு அம்மணி. பூனைய மட்டும் இந்தப் பக்கம் கொண்டாந்துறாதே."

அப்படித்தான் பல்லடத்தில் ஒரு லாட்ஜ் வாசலில், இரண்டு துணிக்கூடைகளை வாயோடு வாய் சேர்த்து வைண்டிங் நூலால் கட்டிய ஒரு பெட்டியுடன் பாவாத்தாள் நின்றார். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"கத்துமுங்களா?"

"என்னைய விடக் கம்மியாத்தான் கத்துமுங்க."

மறுநாள் கண் விழித்தபோது மணி ஏழரை. யாரோ கதவைத் தட்டிக் காபி கொடுத்தார்கள். "கல்யாணமாகி வந்ததிலிருந்து அடுத்தவங்க வெச்ச காப்பிய அன்னைக்குத்தானுங்க குடிச்சேன். சக்கரை ஜாஸ்தி. ஒண்ணும் சொல்லல."

பட்டாணியின் தையல் பத்து நாளில் ஆறிவிட்டது. சொந்தங்களில் யாருக்கும் பாவாத்தாள் இன்றுவரை அதைச் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஏழு விசேஷங்கள், ஏழு லாட்ஜுகள். பூனைகள் தன்னை விட்டு இருக்காது என்று சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டு இஸ்மத் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டும் காலையில சோறு எங்க ஊட்டுலதானுங்க. நீங்க ஊருக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்னு ஒரு தடவ சொன்னேன். அவங்க பாத்த பார்வையில, அதுக்கப்பறம் நான் வாயே தொறக்கறதில்ல."

புருசன் ஐயாசாமி குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். விசேஷத்துக்கு முந்தின நாள் மனைவியையும் பூனைகளையும் லாட்ஜில் இறக்கி, பெட்டியை மாடி வரை தூக்கிக் கொடுத்துவிட்டு, விசேஷ வீட்டு ஹாலுக்குப் போய்விடுவார். ரத்த சொந்தமே ரூம் போட்டால் வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "அந்தக் கட்டிலுல ரெண்டு தலகாணிங்க" என்றார் என்னிடம். "ஒண்ணு சும்மாவே கெடக்குது. இங்க என் மூஞ்சி மேல மச்சான் காலு." பூனைகளைப் பற்றிக் கேட்டேன். "அதுங்க நல்ல ஜாதகமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஐயாசாமியின் பொறாமையால் யாருக்கும் கெடுதல் இல்லை. யுவஸ்ரீயுடையது வேறு ஜாதி. அவர் ஐயாசாமியின் தம்பி மனைவி, முப்பத்து நாலு வயது, கிணத்துக்கடவில் ஒரு தேங்காய் மண்டியில் பில் போடுகிறார். பாவாத்தாள் லாட்ஜுக்குப் போன நாளிலிருந்து அடுப்படியில் அவருடைய பங்கும் யுவஸ்ரீ தலையில்தான் விழுந்தது. ஒன்பது மணிக்கு பாவாத்தாள் இஸ்திரி போட்ட சேலையில் வந்து இறங்குவார்.

"சின்ன வெங்காயம் உரிச்சிட்டு இருப்பனுங்க" என்றார் யுவஸ்ரீ. "கண்ணு வெங்காயத்துல எரியுதா, அவங்களப் பாத்து எரியுதான்னு எனக்கே தெரியாது."

இந்த மாசி மாதம் மாசாணியம்மாள் பேரனுக்குக் காதுகுத்து. பத்து நாள் முன்னால் யுவஸ்ரீ அவருக்குப் போன் போட்டார். "தப்பா நெனைக்காதீங்க. அக்கா லாட்ஜுல தங்கறதப் பத்தி எங்க பக்கம் ஒரு மாதிரி பேசறாங்க. உங்க ஊட்டுல எடமில்லையாங்கறாங்க."

மூவாயிரம் கோழிக்கு இடம் வைத்திருப்பவரைப் பார்த்து இடமில்லையா என்று கேட்டால் எப்படி இருக்கும்? மாடி ரூமைக் காலி செய்தார் மாசாணியம்மாள். ஜன்னலுக்குக் கோழி வலை அடித்தார். மணல் நிரப்பிய தட்டு, மத்தி மீன், தனி ஃபேன். எல்லாம் முடித்துவிட்டு பாவாத்தாளைக் கூப்பிட்டார்.

"பூனைக்கு ரூமு ரெடி கண்ணு. இனி உனக்கு லாட்ஜு எதுக்கு?"

அன்று பாவாத்தாளுக்கு எண்ணிக்கை தவறியது. சுற்றிய கம்பி முழுவதையும் பிரித்து முதலிலிருந்து சுற்றினார். வருசத்தில் இரண்டோ மூன்றோ ராத்திரி. அவருடையது என்று இருந்ததே அவ்வளவுதான். அதுவும் போகப்போகிறது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வலை அடித்தாயிற்று, மீன் வாங்கியாயிற்று. புருசனோடு பிறந்த அக்கா, மரியாதையாகக் கூப்பிடுகிறார். "செரிங்க நங்கையா" என்றார். நாத்தனாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

காதுகுத்து நாள் காலை நாலரைக்கு பல்லடத்து அடுப்படியில் பாவாத்தாளும் யுவஸ்ரீயும் ஆளுக்கொரு கூடை வெங்காயத்துடன் உட்கார்ந்திருந்தார்கள்.

"தூங்குனீங்களாக்கா?"

"பூனைங்க நல்லாத் தூங்குச்சு."

யுவஸ்ரீக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவரே ஒப்புக்கொண்டது இது. ஆனால் குளிர்ச்சி கால் மணி நேரம்தான் தாங்கியது. மாசாணியம்மாள் உள்ளே வந்து இருவரையும் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"ரெண்டு பேரு இருக்கீங்கல்ல சாமி. அப்பிடியே கச்சாயமும் சுட்டுப்போடுங்க. மாவு ஆட்டி வெச்சிருக்கறேன்."

போன தடவை வரை இட்லியும் சாம்பாரும்தான். இப்போது ஆள் ஒன்று கூடியதும் பலகாரம் ஒன்று கூடிவிட்டது. யுவஸ்ரீயின் கூடையில் ஒரு வெங்காயம்கூடக் குறையவில்லை. பாவாத்தாள் அடுப்பில் எண்ணெய் வைத்தார்.

"நீங்க லாட்ஜுல இருந்தப்பவே தேவலைங்கக்கா" என்றார் யுவஸ்ரீ.

"நங்கையாளுக்குப் போன் போட்டது நீதானே?"

எட்டு வெங்காயம் உரிபட்டது. "ஆமாங்க்கா."

"எதுக்கு?"

"பொறாமைதானுங்க. வேறென்ன."

பாவாத்தாள் கச்சாயத்தைத் திருப்பிப் போட்டார். "இருக்கறதே வருசத்துல ரெண்டு மூணு ராத்திரி. அதுல ஒண்ணு உன்னால போச்சு."

"தந்தர்றனுங்கக்கா" என்ற யுவஸ்ரீ, வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தார். "கோழி வாடைக்குப் பூனைங்க ரெண்டும் மீனத் தொடவே இல்லைன்னு நங்கையாகிட்ட நான் சொல்லிப்போடறேன். நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க, நான் சொன்னா நம்புவாங்க. லாட்ஜு திரும்பி வந்துரும். ஆனா ஒரு தடவ உங்களுக்கு, ஒரு தடவ எனக்கு. மொத தடவ எனக்கு."

"உனக்கேது பூனை?"

"உங்களுதக் குடுங்க."

பாவாத்தாள் ஓர் ஈடு கச்சாயம் வெந்து முடியும் வரை யோசித்தார். இரண்டு மருமகள்களும் ஒரே விசேஷத்தில் ஆளுக்கொரு பூனையோடு வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முறை வைத்துப் போனால் தெரியாது. "செரி" என்றார். "ஆனா இன்னைக்குப் போன ராத்திரி தனி. உன்னோட முறையில ஒண்ண எனக்கு உட்டுக் குடுக்கோணும்."

"தந்தர்றனுங்கக்கா."

மாடியில் பட்டாணியும் மொச்சையும் தின்று தீர்த்த மத்தியின் முள்ளை, மாசாணியம்மாள் பார்ப்பதற்குள் யுவஸ்ரீயே அள்ளிக் கொண்டுபோய்ப் போட்டார்.

பங்குனியில் உடுமலைப்பேட்டையில் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். அங்கே இரண்டு நாய்கள். பூனைக்கு வழியே இல்லை. பூனைகள் ஒரு மாசமாகக் கிணத்துக்கடவில் காற்று வாங்குவதாக எல்லாரிடமும் சொல்லியாயிற்று. யுவஸ்ரீ ரூம் போட்டார். பாவாத்தாள் வெங்காயம் உரித்தார். ஒன்பதேகாலுக்கு யுவஸ்ரீ வந்து, கைப்பையிலிருந்து ஒரு குட்டி சோப்பை எடுத்து அவர் மடியில் போட்டார்.

"உங்களுக்குன்னு கொண்டாந்தனுங்கக்கா. ஹீட்டர்கூட ஓடுச்சு."

"எனக்கு ஒரு ரூமுல கூட ஹீட்டர் ஓடுனதில்லீங்க" என்றார் பாவாத்தாள் என்னிடம். சோப்பை அவர் இன்னும் பிரிக்கவில்லை. தூக்கியும் போடவில்லை.

வைகாசியில் தாராபுரம், அது பாவாத்தாள் முறை, போய்த் தூங்கிவிட்டு வந்தார். ஆடி முடிந்து ஆவணியில் அன்னூர். அது யுவஸ்ரீ முறை. பல்லடத்து ராத்திரியை அதில் கழித்துக்கொள்ளலாம் என்று பாவாத்தாள் போனில் சொல்லிப் பார்த்தார். அன்னூரில் புது லாட்ஜ் திறந்திருக்கிறார்களாம், இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாராம் யுவஸ்ரீ. கிணத்துக்கடவு போய் நானே விசாரித்தேன்.

"பாக்கி இருக்குதுங்க. இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றார் யுவஸ்ரீ, பில்லைக் கிழித்துக்கொண்டே. "ஐப்பசிக்குள்ள தந்தர்றேன்னு சொல்லிப்போடுங்க."

கணபதிக்குத் திரும்பி வந்து அதை அப்படியே சொன்னேன். பாவாத்தாள் சுற்றிக்கொண்டிருந்தார். அறுபது முடிந்தது.

"எந்த வருசத்து ஐப்பசின்னு கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை.