எரிந்துகொண்டேயிருந்த பிரேக் விளக்கு

சவரிநாதன் சார் போய்விட்டார் என்ற செய்தி, காலை பிரேயர் மணி அடிக்கும்போது பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கையைத் தூக்க முடியாமல் ஒரு வருடம் கிடந்த மனுஷருக்குக் கைகளையா அனுப்புவார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நெடுங்காட்டுப் பள்ளியில் அவர் இயற்பியல், நான் கணக்கு. பதினோரு வருடம் ஒரே மேசை.

நரம்பு நோய் முதலில் அவருடைய வலது மணிக்கட்டில்தான் பிடித்தது. ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடிக்க முடியவில்லை. மனுஷன் அசரவில்லை, குரூஸ் கண்ட்ரோல் உள்ள பைக்கை வாங்கிவிட்டார். வேகமெடுத்ததும் பட்டனை அழுத்தினால் போதும், பிரேக்கைத் தொடும்வரை வண்டி அதே வேகத்தில் போகும். "கை போனா போவட்டும் சார், பட்டன் இருக்குல்ல? என்னை ஏத்திட்டுப் போங்கன்னு யார்கிட்டயும் நிக்க மாட்டேன்" என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்.

ஆறே மாதத்தில் அந்தக் குரூஸ் கண்ட்ரோல் நின்றுவிட்டது. ஒரு ஞாயிறு, அவர் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். ஃபியூஸைப் பார்த்தோம். கிளட்ச் சுவிட்ச், பிரேக் சுவிட்ச் இரண்டையும் மீட்டர் வைத்துப் பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. "காரணம் இல்லாம எதுவும் நிக்காது சார், நமக்குத்தான் கண்ணு பத்தல" என்றார், வகுப்பில் சொல்வதுபோலவே.

ஓட்டிப் பார்ப்போம் என்று அம்பகரத்தூர் சாலையில் கிளம்பினார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். வழி முழுக்க அவர் வண்டியின் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கோயில் அருகே நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். அவருடைய வலது பாதம் தொய்ந்துபோய் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

"சார், கால் பிரேக்குல இருக்குங்க."

"நான் வைக்கலையே சார்."

காலைக் கையால் தூக்கி எடுத்து வைத்தார். "காரணம் கெடைச்சிட்டு சார்" என்றார். பிறகு மெதுவாக, "வீட்டுல ஸ்டெல்லாகிட்ட கால்னு சொல்லிடாதீங்க. வண்டிக்கு ஸ்பேர் பார்ட் வரணும்னு சொல்லுங்க" என்றார். ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, அவர் வண்டியை நான் ஓட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

அப்புறம் கால், கை, பேச்சு என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. வைத்தியம் எதுவும் எடுபடவில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் மனைவி ஸ்டெல்லா, "அந்த ஸ்பேர் வந்துச்சாண்ணே?" என்று கேட்பார். "இன்னும் வரலைம்மா" என்பேன். சார் கண்ணை மூடிக்கொள்வார்.

அடக்கம் முடிந்ததும் ஸ்டெல்லா சாவியை என் கையில் வைத்தார். "ஸ்பேர் வந்ததும் மாத்திட்டு நீங்களே ஓட்டுங்கண்ணே."

நேற்று அதே சாலையில் பட்டனை அழுத்தினேன். உடனே பிடித்துக்கொண்டது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கோளாறும் இல்லாத இந்த வண்டிதான். ஸ்டெல்லாவைப் பொறுத்தவரை இன்னும் ஸ்பேர் வரவில்லை.