எங்க வீட்டுச் செவுத்துல தொங்குற மண்ணு பரோட்டா

இத எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். பத்தாப்போட படிப்ப தலைமுழுகுனவன் நானு, போன்ல ஒத்த வெரல்ல தட்டி முடிக்கிறதுக்குள்ள தூக்கம் வந்துரும். ஆனா இப்ப மத்தியானம், கரண்டு இல்ல, வீட்டுல எல்லாரும் படுத்துட்டாக. செவுத்துல மாட்டுன மண்ணு வட்டமெல்லாம் சன்னல் காத்துக்கு லேசா ஆடுது. அதப் பாத்துக்கிட்டே கெடந்தா சும்மா இருக்க முடியல.

எங்க அப்பாவ 'அத்தா'ன்னுதான் கூப்புடுவோம், அவரு பரோட்டா மாஸ்டர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில, கல்லு முன்னாடி நின்னே வயசப் போக்குனவரு. நோம்பு முடிஞ்ச கொஞ்ச நாள்ல ஒரு காலையில எந்திரிச்சாரு, வலது கை மட்டும் எந்திரிக்கல. ஆஸ்பத்திரியில பாத்து, உசுருக்கு ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாக. கை மட்டும் வேற யாருதோ மாதிரி தோள்ல தொங்குச்சு. அத்தா மறுபடி கடைக்குப் போவாரா மாட்டாரா, வீட்டுல எல்லாருக்கும் அதே நெனப்புத்தான்.

கைக்குப் பயிற்சி குடுக்குற அக்கா ஒரு ரப்பர் பந்தக் குடுத்து, தெனமும் அமுக்கிப் பழகுங்கன்னாக. "நான் என்ன சின்னப் புள்ளையா?"ன்னு அத்தா அத சன்னல் வழியா ரோட்டுல போட்டுட்டாரு. அம்மா ஒரு தட்டுல மைதாவக் கொண்டாந்து வச்சுச்சு.

"இந்தாங்க, இதப் பெசைங்க. தெரிஞ்ச வேலதான?"

அவரு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. ரப்பர் பந்துகிட்ட தோக்கலாம், மாவுகிட்ட தோக்க முடியுமா? எனக்குப் புரிஞ்சுச்சு. ஆனாலும் வாயி சும்மா இருக்குமா. "மாஸ்டர் லீவும்மா, தொந்தரவு பண்ணாத"ன்னேன். அம்மா கரண்டியத் தூக்குச்சு.

அப்பத்தான் எந் தங்கச்சி ஒரு வீடியோவப் பாத்துட்டு, களிமண்ணுல செவுத்துக்கு அலங்காரம் செய்யலாம்னு ஆரம்பிச்சா. வீட்டோட சேந்து செய்யணுமாம். எங்கூட்டாளி ஒருத்தன், அத்தா வேல பாத்த அதே கடையில சப்ளையரு, அவனுக்கு ஊரு எரியோட்டுப் பக்கம். அவன்கிட்ட கொஞ்சம் கொளத்து மண்ணு கேட்டேன். வண்டியில உரச் சாக்கு நெறைய மண்ணோட வந்து எறங்குறான்.

"ஏலே, வீடா கட்டப் போறோம்?"ன்னேன்.

"ஒன் வாயில போட்டது போக மிச்சத்த செவுத்துல மாட்டுங்கடா."

மொட்டமாடியில தகரத்துக்கு அடியில சாக்க விரிச்சோம். தங்கச்சி மயில் செய்யணும்னா. "செவுத்துல உசுருள்ளது வேணாம், எல, பூவு, பெற நெலா போடு"ன்னுச்சு அம்மா. நான் எல செஞ்சேன். அது செருப்பு மாதிரி வந்துச்சு.

மண்ணு வாசம்னா மழ வாசம்னு நெனச்சிருந்தேன். இது வேற. தண்ணிக்கு அடியில ரொம்ப காலம் தூங்குன வாசம். பெசையப் பெசைய எங்க கையெல்லாம் ஒரே நெறமாயிருச்சு, எது யாரு கைன்னே தெரியல. தூரத்துல சிறுமல வெயில்ல கரைஞ்சு ஒரு ஊதாக் கோடா நின்னுச்சு. கூட்ஸ் வண்டி ஒண்ணு போயிக்கிட்டே இருந்துச்சு, முடியவே மாட்டேங்குது. எனக்குக் கண்ணு சொக்குச்சு.

அத்தா சேர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தவரு, "இப்பிடியா பெசைவாக? அடியில கட்டி நிக்கிது பாரு"ன்னாரு. செத்த நேரத்துல பொறுக்க மாட்டாம கீழ எறங்கி உக்காந்துட்டாரு. மொதல்ல இடது கை. அப்பறம் வலது கையத் தூக்கி மண்ணு மேல வச்சு, ஒடம்பச் சாச்சு அமுக்குனாரு. கொஞ்சம் போக, "எண்ணெயக் கொண்டா"ன்னாரு. அம்மாவும் அடுப்படிக்கு ஓடி எண்ணெய்க் கிண்ணத்தக் கொண்டாந்து குடுத்துச்சு. மண்ணுக்கு எதுக்கு எண்ணெயின்னு ஒருத்தருக்கும் தோணல பாருங்க! பரோட்டாக்காரன் வீடு அம்புட்டுத்தான். எண்ணெயத் தடவி, ஈரத்துணி போட்டு மூடி, "ஊறட்டும்"ன்னாரு. நாங்களும் மண்ணு ஊறட்டும்னு காத்துக் கெடந்தோம்.

துணிய எடுத்தாரு. வலது கையால மண்ண ஒரு புடி புடிச்சாரு. கட்ட வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல பிதுக்குனாரு பாருங்க, உருண்ட ஒண்ணு டப்புன்னு வந்து விழுந்துச்சு. அவரு கவனிக்கவே இல்ல. அடுத்தது விழுந்துச்சு. அம்மா முந்தானையால மூக்கத் தொடைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிருச்சு. தங்கச்சி என்னக் கிள்ளுனா.

"அத்தா, ரெண்டு செட்டு பார்சல்"ன்னேன். "சால்னா தீந்துருச்சு, போ"ன்னாரு.

உருண்டைய கயிறாத் திரிச்சு, அதுலயும் எண்ணெயத் தடவி, சுருட்டி, தட்டி வச்சாரு. மாடி பூரா மண்ணு பரோட்டா. காய வச்சு, சணல் கோத்து மாட்டலாம்னு தங்கச்சி ஒண்ணத் தூக்குனா. சுத்து சுத்தா பிரிஞ்சு கீழ கொட்டுச்சு. எல்லாமே அப்பிடித்தான். எண்ணெ பட்ட மண்ணு எங்க ஒட்டும்? அவ அழ ஆரம்பிச்சுட்டா. அத்தா ஒடஞ்சத எடுத்துப் பாத்துட்டு, "அழாத புள்ள, பதம் எப்பிடி வந்திருக்கு பாரு, அடுக்கு அடுக்கா"ன்னு சிரிக்கிறாரு. பெருமைய எங்க போய்ச் சொல்ல.

மறுபடி தண்ணி தொட்டு செஞ்சோம். எண்ணெக் கிண்ணத்த அம்மா ஒளிச்சு வச்சுருச்சு. தெனமும் மத்தியானம் மாடிதான். அந்த வட்டமும், தங்கச்சியோட பெறயும், என்னோட செருப்பும் இப்ப செவுத்துல இருக்கு. வாரவுக எல்லாம் பரோட்டாவ ஏன் மாட்டி வச்சிருக்கீகன்னு கேக்குறாக.

இன்னைக்குக் காலையில குளிச்சுட்டு வந்த அத்தா, யாரும் இல்லன்னு நெனச்சு, ஈரத்துண்ட ரெண்டு கையிலயும் புடிச்சு பரோட்டா வீசுற மாதிரி வீசிப் பாத்தாரு. மணிக்கட்டு திரும்பல. துண்டு நழுவி விழுந்துச்சு. மறுபடி வீசுனாரு. மறுபடி விழுந்துச்சு. கதவோரம் நின்ன என்னப் பாத்துட்டு, "பெசைய வருதுடா. வீச வரல"ன்னாரு. துண்ட எடுத்துக் குடுத்தேன், அவரு போய்ப் படுத்துட்டாரு.

செத்த முன்னாடி செவுத்த ஒரு போட்டோ புடிச்சு கூட்டாளிக்கு அனுப்புனேன். அத்தா சொன்னத அப்பிடியே கீழ தட்டி விட்டேன், கிண்டல் ஒண்ணும் சேக்கல. இப்பத்தான் பதில் வந்துச்சு:

"மொதலாளிகிட்ட கேட்டுட்டேன்டா, வீச ஆளு இருக்கு, பெசையத்தான் ஆளில்லயாம், நாளைக்கு வெள்ளனே கூட்டிட்டு வா."