ஒரு நாய்க்கு இரண்டு கோடு

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கோட்டக்கா என்று பெயர். மென்பொருள் எழுதத் தொடங்கும் முன், எந்த விவரம் எந்த டேபிளில், அதாவது எந்த அட்டவணையில், இருக்கும், எந்த டேபிள் எதோடு சேரும் என்று வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாகப் போட்டுக் கோடு இழுப்பது அவர் வேலை. நான் பக்கத்து மேசை. அதிகம் பேசமாட்டேன், அதனால் அவரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோடு இழுத்ததும் பேனாவால் அதன் இரண்டு முனைகளையும் தட்டுவார். "இங்கேர்ந்து பார்த்தா அங்க எத்தனை? அங்கேர்ந்து பார்த்தா இங்க எத்தனை?" இரண்டுக்கும் பதில் வராமல் அடுத்த கோட்டுக்கு நகரமாட்டார். ஒருமுறை அவரை அழைத்துப்போக வந்த கணவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்: "வீட்லயும் இதே கதைதான் தம்பி. பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கே, உங்களுக்கு எத்தனை பொண்டாட்டின்னு கேட்டவ."

ஒரு பிராணிகள் மருத்துவமனைக்குப் புது மென்பொருள் கேட்டிருந்தார்கள். மேனேஜருக்கு அவசரம்.

"ஒரு பிராணிக்கு ஒரு ஓனர். பிராணி டேபிள்லயே ஓனர் பேரைப் போட்டுட்டா முடிஞ்சுது. பழைய சாஃப்ட்வேர்லயும் அப்படித்தானே இருக்கு? இதுல என்னக்கா யோசனை?"

"அந்த முனைலேர்ந்து கேட்டியாப்பா?"

"நாய்கிட்டயா கேக்கச் சொல்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டார். நானும் போனேன்.

வரவேற்பறையில் மருந்து வாடை. காலையில் ஒருவர், காது கிழிந்த பழுப்பு நாய் ஒன்றைத் தூக்கி வந்தார். "புலி" என்று கூப்பிட்டார்கள். புலி தலையைத் தூக்கவே இல்லை. இதயக் கோளாறு, மாத்திரை கொடுத்தும் நாளுக்கு நாள் துவள்கிறது என்றார். டாக்டர் பார்த்து அனுப்பினார். அக்கா பிளாஸ்க் காப்பியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மாலையில் வேறு டாக்டர். ஒரு பெண், நாயைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். "பஞ்சு" என்று கூப்பிட்டார்கள்.

அக்கா எழுந்துவிட்டார். "ஏம்மா, இது காலைல புலியா இருந்துச்சே?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "அது எங்கண்ணன் வச்ச பேரு."

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. அப்பா போன பிறகு எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். அவர் வளர்த்த நாயைப் பிரிக்க முடியவில்லை. கிழமை முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள்; அன்று மதியம்தான் நாய் தங்கை கைக்கு வந்திருந்தது. அதுவும் நேரில் இல்லை, குடியிருப்புக் காவலாளி கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு.

"மாத்திரை எப்பக் குடுப்பீங்க?"

"வாரம் பூராவும் தினம் காலைல. எங்கிட்ட இல்லாத நாள்ல காவலாளிகிட்டக் குடுத்தனுப்பிடுவேன்."

அக்கா வரவேற்பாளரிடம் இரண்டு பெயரையும் திறக்கச் சொன்னார். ஓர் ஓனர்தான் போட முடியும் என்பதால் ஒரே நாயை இரண்டு நாயாகப் பதிந்திருந்தார்கள். புலிக்கு ஒரு டாக்டர், பஞ்சுவுக்கு ஒரு டாக்டர். ஒரே மாத்திரை, இரண்டு பங்கு. காவலாளியைப் போனில் கேட்டதும் தெரிந்தது: அண்ணனும் தினம் மாலையில் கொடுக்கிறார், நாய் தன்னிடம் இல்லாத நாளில் காவலாளியிடம் கொடுத்தனுப்புகிறார். நாய் யாரிடம் இருந்தாலும், மற்றவர் அனுப்பியதைக் காவலாளி தன் கையாலேயே அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் உடனே மாத்திரையை நிறுத்தி, நாயை உள்ளே சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா பழைய கோட்டை அழித்தார். நாய்க்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு புது டேபிள்: எந்த நாய், எந்த ஆள், எந்தக் கிழமை. கிழமை நாய்க்கும் சொந்தமில்லை, ஆளுக்கும் சொந்தமில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடப்பது. அதற்கும் ஓர் இடம் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாத்திரைக்கான கோடு நாயிடமிருந்து மட்டும் புறப்பட்டது.

மேனேஜர் வந்து பார்த்தார். "நாய் என்னக்கா சொல்லுச்சு?"

"ரெண்டு பேருன்னு சொல்லுச்சுப்பா."

நாய் தேறி, நாளுக்கு ஒரே மாத்திரை என்ற கணக்கில் வீடு திரும்பியிருந்தது. புது மென்பொருளை நிறுவப் போன அன்று, நாயின் மறுபரிசோதனைக்கான குறுஞ்செய்தி இருவர் செல்போனுக்கும் போயிருந்தது. இருவரும் வந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். அதன் அடியில் நாய், வாலை ஆட்டிக்கொண்டு.

தங்கை சுவரைப் பார்த்துக் கேட்டார். "காலைல மாத்திரை குடுத்தாச்சா?"

"குடுத்துட்டேன்," என்றார் அண்ணன். "நீ குடுத்துடாத."